"வீட்டுக்குப் போகணும்" என்று அம்மா கிளம்பும்போது: அல்சைமர் உள்ளவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றி

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், பல வீடுகளில் இது தொடங்கிவிடும். அதுவரை சும்மா உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கிடைத்த மஞ்சப்பையோடு வாசலுக்கு வந்து நிற்பார். "நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போகணும்." நாற்பது வருடமாக அவர் குடியிருக்கும் வீடு அது. மகள் வாயில் முதலில் வருவது "இதுதாம்மா உன் வீடு" என்பதுதான். அதைச் சொன்னதும் அம்மா முகத்தில் பயம் ஏறும். பக்கத்தில் நிற்பவள் பொய் சொல்கிறாள், தன்னை விடமாட்டேன் என்கிறாள் என்றுதான் அவருக்குப் புரியும்.

அல்சைமர் என்ற மறதி நோயில் முதலில் அடி வாங்கும் இடங்களில் ஒன்று, மூளையில் புதிய நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி. அதனால் நேற்று நடந்தது போய்விடும், பத்து வயதில் நடந்தது இருக்கும். அம்மா கேட்கிற வீடு அநேகமாக அவர் பிறந்த வீடு. அங்கே அவருடைய அம்மா இருப்பார், விளக்கு ஏற்றியிருப்பார்கள், சாப்பாடு இருக்கும். "வீட்டுக்குப் போகணும்" என்றால் "எனக்கு இங்கே என்னவோ சரியில்லை" என்று அர்த்தம். சரியில்லாதது என்ன என்று தேடுவதுதான் நம் வேலை. இந்த நோயோடு வாழும் வீடுகளில் பத்துக்கு எட்டுப் பிரச்சினைகளை இந்த ஒரு கேள்வியை வைத்தே அவிழ்த்துவிடலாம் என்பது எங்கள் அனுபவம்.

சாயங்காலப் பதற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவருக்கு ஐந்து மணிக்குப் பசி. சிறுநீர் முட்டுகிறது, சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த சத்தம், குக்கர் விசில், சீரியல் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழுகின்றன. பொழுது சாய்ந்து கூடத்தில் நிழல் நீள்கிறது, ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவமே யாரோ மாதிரி இருக்கிறது. ஆகவே விளக்கை ஆறு மணிக்குப் போடாதீர்கள், நாலரைக்கே போடுங்கள். திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். நாலு மணிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம், சுக்குமல்லி காபி போதும். காலையில் அரைமணி நேரம் வெயிலில் நடந்து, பகல் தூக்கத்தை அரைமணிக்குள் நிறுத்தினால் இரவும் கொஞ்சம் சீராகும்.

அப்படியும் கிளம்பினால் தடுக்க வேண்டாம். "போலாம்மா, இதைக் குடிச்சிட்டுக் கிளம்பலாம்." "வீட்டுல இப்ப யார் யாரு இருப்பாங்க?" அவர் சொல்லட்டும். கிணறு, மாடு, தாத்தாவின் அதட்டல் எல்லாம் வரும். அப்புறம் செருப்பைப் போட்டுத் தெருவில் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போய், அதே வாசலுக்குத் திரும்பி வாருங்கள். பாதி நாள் "வந்துட்டோம்" என்று அவரே உள்ளே போய்விடுவார்.

இறந்துபோன அப்பாவைக் கேட்பது இதைவிடக் கடினம். "அவர் இன்னும் வரலையா?" என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் "அப்பா போய் ஆறு வருஷமாச்சு" என்று சொன்னால், ஒவ்வொரு முறையும் அது அவருக்கு இன்றைக்கு வந்த சாவுச் செய்தி. அழுவார், அழுத காரணத்தை அரைமணியில் மறந்துவிடுவார், துக்கம் மட்டும் உடம்பில் தங்கிவிடும். "அப்பாவைத் தேடுதா? அவருக்கு என்ன குழம்பும்மா பிடிக்கும்?" என்று பேச்சை அவர் பக்கமே திருப்புங்கள். அவரே நேராக "போயிட்டாரா?" என்று கேட்டால் மட்டும், கையைப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று சொல்லுங்கள்.

தினசரி காலண்டர் ஒரு நல்ல உபகரணம். காலையில் அவரைக்கொண்டே தாளைக் கிழிக்கவைத்து, தேதியையும் கிழமையையும் சத்தமாகப் படிக்கவைக்கலாம். ஆனால் நோய் கொஞ்சம் நகர்ந்ததும், கிழித்ததை மறந்து பத்து மணிக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை என்று கிழித்துக்கொண்டே இருப்பார். புதன்கிழமையன்று காலண்டர் சனிக்கிழமையில் நிற்கும். அவர் சனிக்கிழமைக்குத் தயாராவார். அந்தக் கட்டம் வந்தால் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டி, காலையில் மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

இனி குளியல். வீட்டில் அடிதடி வரைக்கும் போவது இதில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

"குளிக்கிறியாம்மா?" என்று கேட்டால் "குளிச்சிட்டேன்" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அறுபது வருடமாகத் தினமும் குளித்தவருக்கு இன்றைய குளியல் எது, நேற்றையது எது என்று பிரிக்க முடியாது. கேள்வியே வேண்டாம். "வாம்மா, தண்ணி ஆறுது" போதும். நேரம் அவருடைய பழைய நேரமாக இருக்கட்டும். விடியற்காலையில் குளித்துப் பழகியவரைப் பதினொரு மணிக்கு வரும் அட்டெண்டரின் வசதிக்குக் குளிக்கவைத்தால் சண்டைதான்.

அவரைக் கூப்பிடும் முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதை உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், விரல் நுனி ஏமாற்றும். கால்களில் ரப்பர் மாட்டிய, முதுகு சாயும் பிளாஸ்டிக் நாற்காலி. அது வெள்ளையாக வேண்டாம். வெள்ளை டைல்ஸ் தரையில் வெள்ளை நாற்காலி அவர் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, உட்காரப் பயப்படுவார். இந்த நோய் நினைவை மட்டும் தொடுவதில்லை, ஆழத்தையும் நிற வேறுபாட்டையும் கணிக்கும் திறனையும் குலைக்கும். கறுப்பு மிதியடி குழி மாதிரித் தெரிவதும், பாலிஷ் போட்ட கிரானைட் தண்ணீர் தேங்கியது மாதிரித் தெரிவதும் அதனால்தான். போடவேண்டிய துணிகளை, முதலில் போடுவது மேலே வரும்படி அடுக்கிவையுங்கள். உள்தாழ்ப்பாளை முன்பே கழற்றிவிடுங்கள். பிடித்து எழக் கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பி போதாது, ஆள் பாரம் தாங்காமல் சுவரோடு பெயர்ந்து வரும்.

உட்கார்ந்ததும் தோளில் ஒரு பெரிய துண்டைப் போர்த்துங்கள். கூச்சமும் குளிரும் இரண்டும் குறையும், துண்டுக்கு அடியிலேயே கழுவலாம். தண்ணீரை முதலில் பாதத்தில் ஊற்றுங்கள், பிறகு முழங்கால், கை, தோள். எடுத்தவுடன் தலையில் கவிழ்த்தால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மூச்சுத் திணறி, எதிரில் இருப்பவரை அடித்துவிடுவார். ஒவ்வொரு சொம்புக்கும் முன்னால் "கால்ல ஊத்துறேம்மா" என்று சொல்லிவிட்டு ஊற்றுங்கள். அவர் கையில் ஒரு சோப்போ சின்னச் சொம்போ கொடுங்கள். கைக்கு வேலை இருந்தால் அது நம்மைத் தள்ளாது. முடிந்த இடத்தை அவரே தேய்த்துக்கொள்ளட்டும். தலைக்குக் குளிப்பதைத் தனி நாளில் வையுங்கள்.

தினமும் முழுக் குளியல் வேண்டும் என்பதும் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். மற்ற நாட்களில் முகம், அக்குள், மார்புக்கு அடி, தொடை இடுக்கு, பின்பக்கம் இவற்றை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்திவிட்டால் சரி. கால்விரல் இடுக்கை மறக்காதீர்கள். "ஒரு நாள் குளிக்கலைன்னா தீட்டா?" என்று கேட்கும் உறவினர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கழிப்பறையில் ஒரு ஆபத்து, நகரத்துக்குப் பெற்றோரைக் கூட்டிவந்த வீடுகளில் அடிக்கடி வருவது. வாழ்நாள் முழுக்கக் குத்துக்காலிட்டுப் பழகியவர், மேற்கத்திய கழிப்பறையின் விளிம்பில் ஏறி உட்காரப் பார்ப்பார். இடுப்பு முறிய ஒரு நொடி போதும். கூடவே போய் உட்கார்த்தி, காலுக்குக் கீழ் சின்ன மணை வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்காமலேயே கூட்டிப்போங்கள். எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், படுக்கும் முன்பும் கட்டாயம். புடவையை இழுத்துக்கொண்டே இருப்பது, மூலையைத் தேடுவது எல்லாம் சிறுநீர் வருகிறது என்பதற்கு அடையாளம். இரவில் கழிப்பறை விளக்கு எரியட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். அறையில் வாளி, பூந்தொட்டி எதுவும் வேண்டாம், அவையும் கழிப்பறையாகத் தெரியும். ஆண்களுக்கு வேட்டியும் லுங்கியும் அவிழ்ந்து காலில் சிக்கும், எலாஸ்டிக் பேண்டுக்கு மாற்றுவது நல்லது.

சாப்பாட்டில் முதலில் தட்டைக் கவனியுங்கள். வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் அவர் கண்ணுக்குக் காலித் தட்டு. அதே சாதத்தை வாழையிலையிலோ அடர்ந்த நிறத் தட்டிலோ வைத்தால் தானாகக் கை போகும். ஒரு நேரத்தில் ஒரே பதார்த்தம். நாலு கிண்ணம் வைத்தால் எதில் தொடங்குவது என்று தெரியாமல் எதையும் தொடமாட்டார். கரண்டி பிடிக்க மறந்தவர்கூடக் கையால் எடுத்துச் சாப்பிடுவதை வெகுநாள் மறக்கமாட்டார், அதற்கு இட்லித் துண்டு, சின்னச் சின்னச் சாத உருண்டை எல்லாம் ஏற்றவை.

நோய் முற்றும்போது விழுங்குவது சிக்கலாகும். இங்கே நம் வீடுகளில் நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு: ரசம் சாதம். உடம்பு முடியாதவருக்கு லேசாக இருக்கட்டும் என்று தண்ணீராகக் கரைத்துக் கொடுப்போம். ஆனால் ஒரே வாயில் தண்ணீரும் பருக்கையும் சேர்ந்து வருவதுதான் விழுங்கும் சிரமம் உள்ளவருக்கு மிகக் கடினம். பருக்கையை மெல்லுவதற்குள் ரசம் தொண்டைக்குள் ஓடி, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அங்கிருந்து நுரையீரலில் சளி கட்டி நிமோனியா. அதற்குப் பதில் குழையப் பிசைந்து கெட்டியாக இருக்கும் தயிர்சாதம், பருப்புசாதம், வெண்பொங்கல் (மிளகை எடுத்துவிட்டு), சாம்பாரில் ஊறவைத்து மசித்த இட்லி கொடுங்கள். உதிரியான காய்ந்த இட்லி தொண்டையில் ஒட்டும். வெறும் தண்ணீருக்கு இருமினால், தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டியிருக்கும். எவ்வளவு கெட்டி என்பதைப் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் ஒருமுறை பார்த்துச் சொல்வது நல்லது.

ஊட்டும்போது படுக்கவைத்தோ சாய்த்தோ வேண்டாம். நிமிர்ந்து உட்கார்த்தி, முகவாய் லேசாகக் கீழே இறங்கியபடி இருக்க வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை நிமிர்த்துவார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும், அதனால் நீங்களும் உட்காருங்கள். டீஸ்பூன் அளவு, அதற்கு மேல் இல்லை. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டபின் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் தொண்டையில் ஏதோ நிற்கிறது, நிறுத்துங்கள். முடிந்தபின் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். ஒரு வேளைக்கு நாற்பது நிமிடம் ஆகும், அவசரப்படுத்தினால் ஆஸ்பத்திரியில் போய் முடியும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

மருந்துகளில் டோனெபெசில் பொதுவாக 5 மில்லிகிராமில் தொடங்கி, நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து 10 ஆகும். இது நோயைக் குணப்படுத்தாது. சிலருக்குச் சில காலம் அன்றாட வேலைகளைச் செய்யும் தெம்பைக் காப்பாற்றித் தரும். இரவில் போட்டால் கெட்ட கனவு வந்து அலறுகிறார் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றுப்போக்கு, மயக்கம், நாடித் துடிப்பு குறைவது இவற்றையும் கவனிக்க வேண்டும். இதே நோய்க்குத் தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் மருந்துப் பட்டையைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்: பழைய பட்டையை உரித்த பிறகே புதியது. முதுகில் ஒட்டிய நேற்றைய பட்டையைப் பார்க்காமல் இன்னொன்று ஒட்டி, அளவு கூடி உயிருக்கே ஆபத்தானது உண்டு. பட்டையின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள், ஒரே இடத்தில் பதினாலு நாளைக்குள் மறுபடி ஒட்டாதீர்கள்.

இதைவிட முக்கியம், மெடிக்கலில் சும்மா வாங்கும் மாத்திரைகள். அரிப்புக்கு அவில், ஜலதோஷத்துக்குக் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை. டோனெபெசில் மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கூட்டப் பார்க்கிறது, இவை அதன் வேலையைத் தடுக்கின்றன. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதை. முந்தாநாள் வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இரண்டு அவிலுக்குப் பிறகு சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், சிறுநீர் அடைத்துக்கொள்ளும்.

திடீர் மாற்றம் எதையும் "நோய் முத்திடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நகரும். ஒன்றிரண்டு நாளில் குழப்பம் கூடினால், தூங்கியே கிடந்தால், இல்லாததைப் பார்த்தால் அடியில் வேறொன்று இருக்கிறது. சிறுநீரில் கிருமி, மூன்று நாள் மலச்சிக்கல், நிமோனியா, சோடியம் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, தண்ணீர் குடிக்காதது. வயதானவருக்குக் காய்ச்சலே இல்லாமலும் கிருமி இருக்கும். சில வாரம் முன்பு தலையில் பட்ட சின்ன அடிகூட, உள்ளே மெல்ல இரத்தம் கசிந்து இப்போது தெரியலாம். அன்றைக்கே காட்டுங்கள். ஒரு நோட்டில் தினமும் நாலு விஷயம் எழுதிவைத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி: மலம் கழித்த நாள், குடித்த தண்ணீர், தூங்கிய நேரம், புதிய மாத்திரை. கத்துகிறார், அடிக்கிறார் என்றதும் தூக்கத்துக்கு மாத்திரை கேட்கிற அவசரம் புரிகிறது. ஆனால் மனநோய்க்குக் கொடுக்கும் அந்த வகை மாத்திரைகள் அல்சைமர் போன்ற டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள முதியவர்களுக்குப் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டும் என்ற எச்சரிக்கை 2005 முதலே இருக்கிறது. வேறு வழியில்லை என்றால் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். அதற்கு முன் பல் வலியா, மூட்டு வலியா, மலச்சிக்கலா என்று பாருங்கள்.

வாசல் கதவில் சின்ன மணியைக் கட்டுங்கள். தாழ்ப்பாளைக் கண் போகாத உயரத்துக்கு மாற்றுங்கள், ஆனால் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போகாதீர்கள், தீப்பிடித்தால் வழியில்லை. ஜாக்கெட்டின் உட்புறத்தில் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். கழுத்தில் மாட்டும் அட்டையைக் கழற்றி எறிந்துவிடுவார். இன்றைக்கு எடுத்த புகைப்படம் ஒன்று எப்போதும் போனில் இருக்கட்டும், காணாமல் போனால் கால் மணி தேடிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள், இரவு வரை காத்திருக்க வேண்டாம். சமையல் முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். பினாயிலையும் ஆசிட்டையும் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

பணம், சொத்து சமாச்சாரங்களை ஆரம்ப நிலையிலேயே முடித்துவிட வேண்டும். அப்போது அவருக்குப் புரியும், கையெழுத்துப் போடுவார், தன் விருப்பத்தைச் சொல்வார். உயில், வங்கிக் கணக்கில் கூட்டுப் பெயர், நாமினி. "பவர் எழுதி வாங்கிட்டோம், கவலையில்லை" என்று இருக்கும் குடும்பங்கள் கவனிக்க: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அந்தச் சாதாரணப் பொது அதிகாரப் பத்திரம் செல்லாது. அப்புறம் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டிவரும். மத்திய அரசு ஓய்வூதியருக்கான நவம்பர் மாத வாழ்வுச் சான்றிதழை, ரேகை பதியவில்லை என்று அலையாமல், செல்போனில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம்.

வளையலைக் காணோம், வேலைக்காரப் பொண்ணு எடுத்துட்டா என்று அம்மா சொல்வார். தானே தலையணை உறைக்குள் ஒளித்தது அவருக்கு நினைவில்லை. வளையல் இல்லை, ஒளித்த ஞாபகமும் இல்லை, அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. வாதாடாமல் "வா, தேடலாம்" என்று கூடத் தேடுங்கள். தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டு, அதே மாதிரி கவரிங் இரண்டு ஜோடி வாங்கிவைத்தால் நல்லது. பார்த்துக்கொள்ளும் பெண்ணிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவமானப்பட்டு ஒரு வாரத்தில் போய்விடுவார்.

பார்த்துக்கொள்கிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் அது ஒரே ஒரு பெண்: மகள், மருமகள், இல்லை தானே எழுபதைத் தாண்டிய மனைவி. வெளியூர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வருவார். விருந்தாளி முன்னால் அம்மா பளிச்சென்று பேசுவார், இந்த நோயில் அது சகஜம். "நல்லாத்தானே இருக்காங்க, நீ ஏன் இப்படிச் சொல்ற?" என்று அண்ணன் கேட்பார். அந்தக் கேள்வி பார்த்துக்கொள்கிறவரை உடைத்துப்போடுகிறது. பதில் சொல்லிக்கொண்டிருக்காமல், இரண்டு இரவு வந்து தங்கச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவர் செய்யக்கூடிய வேலைகள் நிறைய உண்டு: அட்டெண்டர் சம்பளம், மாதாந்திர மருந்து, டயப்பர் வாங்கி அனுப்புவது, தினமும் சாயங்காலம் நாலரைக்குக் கூப்பிட்டு அம்மாவிடம் இருபது நிமிடம் பேசுவது. அந்த இருபது நிமிடத்தில் இங்கே இருப்பவர் குளித்துவிடலாம். வாரத்தில் இரண்டு அரைநாளாவது அவர் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். சென்னையில் மனநலத்துக்காக இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பிடமும், 1992இல் கேரளத்தில் தொடங்கி இங்கேயும் கிளையுள்ள, அல்சைமர் குடும்பங்களுக்கான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பிடமும் வழிகாட்டுதல் கிடைக்கும். கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. 14567 என்ற இலவச எண் முதியோருக்கான உதவி எண்.

கைக்கு வேலை கொடுங்கள். முருங்கைக்கீரை உருவுவது, மொச்சை உரிப்பது, துண்டு மடிப்பது. கை கற்றது மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது, அது தாமதமாகத்தான் போகும். உங்கள் பெயரை மறந்தவர் திருவாசகத்தையோ சஹஸ்ரநாமத்தையோ நாலு வரி எடுத்துக்கொடுத்தால் விடாமல் சொல்லிப்போவார். மடித்த துண்டைக் கலைத்துப்போட்டு மறுபடி கொடுத்தாலும் தவறில்லை, அவர் பார்க்காதபோது கலையுங்கள்.

படுக்கையோடு ஆன பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஏர்பெட் இருந்தாலும் புரட்ட வேண்டும். முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை வைத்து முப்பது டிகிரி சாய்த்தால் இடுப்பெலும்பில் பாரம் இறங்காது. குதிகால் மெத்தையில் படாமல், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால், நிறம் கறுத்தவர்களுக்குச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், அது புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அதில் பாரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயை மூடிக்கொண்டு சாப்பாட்டை மறுக்கும் நாள் வரும். மூக்கில் டியூப் போட்டுவிடலாமே என்ற பேச்சும் அப்போது வரும். முற்றிய அல்சைமரில் டியூப் ஆயுளைக் கூட்டுவதில்லை, நுரையீரலில் இறங்குவதையும் தடுப்பதில்லை, அதைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டவேண்டி வருகிறது. முதியோர் மருத்துவ அமைப்புகள் கையால் மெல்ல ஊட்டுவதையே சொல்கின்றன: அவர் ஏற்கும் அளவு, ஏற்கும் நேரம், மூன்று ஸ்பூன் என்றால் மூன்று ஸ்பூன். உதட்டின் ஓரத்தில் ஸ்பூனால் லேசாகத் தொட்டால் வாய் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் அரைமணி கழித்து மறுபடி. இடையில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து விரலில் சுற்றி, கன்னத்தின் உள்பக்கத்தையும் ஈறையும் துடைத்து, உதட்டில் கொஞ்சம் நெய் தடவிவிடுங்கள்.